இரண்டு மேசைக்கும் ஒரே முகம்

வாலிபர் கூட்டங்களில் நாம் மொழியைப் பற்றிப் பேசுகிறோம். உடையைப் பற்றி, பாட்டைப் பற்றி, கைத்தொலைபேசியைப் பற்றி, யாரைத் திருமணம் செய்வது என்பதைப் பற்றியெல்லாம் பேசுகிறோம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கூட்டம் முடிந்ததும் ரோல்ஸையும் கட்லற்றையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் நோர்வேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு உலகங்களும் முதன்முதலில் முட்டிக்கொள்ளும் இடம் சாப்பாட்டு மேசைதான். பாலர் பாடசாலையில் ஒரு மேசை, வீட்டில் ஒரு மேசை. இரண்டிலும் சாப்பாடு வேறு, நேரம் வேறு, கை வேறு, பேச்சு வேறு. மொழி தெரியாவிட்டால் பேசாமல் இருக்கலாம். சாப்பிடாமல் இருக்க முடியாது.

இப்போது ஊரிலிருந்து படிக்க வந்தவர்களுக்கும், திருமணம் செய்து வந்தவர்களுக்கும் இதே கதைதான். நோர்வே மொழி வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மேசைக்கு வகுப்பு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு மேசைப் பழக்கங்களை நாம் முழுதாக, வெட்கப்படாமல் கற்கவேண்டும். அது நம் பண்பாட்டைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மேசையில் ஒரு முகம், மறு மேசையில் இன்னொரு முகம் என்று வாழப் பழகிவிடுவதுதான் அந்த ஆபத்து.

‘நெய்’ என்றால் வேண்டாம்

யாழ்ப்பாணத்து வீட்டில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் படிகள் உண்டு. முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது, வீட்டுக்காரர் மனதாரத்தான் கேட்கிறாரா என்று பார்க்கச் சொல்வது. மூன்றாவது ‘வேண்டாம்’தான் உண்மையானது. ஆனால் அதைச் சொல்வதற்குள் கோப்பையில் சோறு விழுந்திருக்கும். “காணும் அன்ரி, காணும்” என்று கையை விரித்துக் கோப்பையை மறைத்தாலும் விரல் இடுக்கால் ஒரு கரண்டி கறி இறங்கிவிடும். அதுதான் நமது உபசரிப்பு. கேட்டுக் கேட்டுப் போடாவிட்டால் விருந்துக்குப் போனவர் மனம் நோவார்.

நோர்வே வீட்டில் படி ஒன்றே ஒன்று. சட்டியை உங்கள் பக்கம் நகர்த்தி, “எடுங்கள்” என்பார்கள். நீங்கள் மரியாதைக்கு “நெய் தக்” என்றால் சட்டி அடுத்தவரிடம் போய்விடும். நமக்கு நெய் என்றால் சோற்றில் விடுவது. இங்கே நெய் என்றால் இல்லை, வேண்டாம். ஊரிலிருந்து புதிதாக வந்த எத்தனையோ பேர் முதல் விருந்திலிருந்து பசியோடு வீடு திரும்பியது இந்த ஒரு சொல்லால்தான். “அவங்கள் ஒருக்காக்கூட வற்புறுத்தேல்லை” என்று பிறகு குறை வேறு சொல்வோம்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். நோர்வேக்காரர் ஒருவர் நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். கோப்பையில் எடுத்ததை மிச்சம் விடுவது மரியாதைக் குறைவு என்று பழகியவர். எனவே போட்டதை முழுதும் சாப்பிட்டு முடிக்கிறார். வெறும் கோப்பையைக் கண்ட நம் மாமிக்குப் பொறுக்குமா? இன்னும் இரண்டு கரண்டி போடுகிறார். அவர் அதையும் மரியாதைக்குச் சாப்பிடுகிறார். மாமி மறுபடியும் போடுகிறார். இரண்டு நல்ல மனங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, கடைசியில் விருந்தாளி மூச்சு வாங்குகிறார்.

இதில் யாரும் முரடர் இல்லை. நம் பழக்கம் சொல்வது, “நீ வெட்கத்தால் பசியோடு இருந்துவிடாதே” என்பது. அவர்கள் பழக்கம் சொல்வது, “நீ சொன்ன சொல்லை நான் நம்புகிறேன், உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்” என்பது. இரண்டும் மற்றவர்மேல் வைக்கும் கரிசனைதான். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் பழக்கம் தானாக வரும். பசித்தால் முதல் தடவையே “யா தக்” என்று சொல்லுங்கள். முதலில் கொஞ்சமாக எடுங்கள். சட்டி மறுபடியும் சுற்றி வரும். அப்போது இரண்டாம் முறை எடுப்பதைச் சமைத்தவர் மகிழ்ச்சியோடு பார்ப்பார்.

இந்த ஒற்றைப்படி ‘வேண்டாம்’ நம் வாலிபருக்கு ஒரு பாதுகாப்பும்கூட. வேலைத்தல விருந்தில் மதுக்கிண்ணம் வரும்போது காரணம், விளக்கம், பிரசங்கம் ஒன்றும் தேவையில்லை. “நெய் தக்” என்று சிரித்துச் சொல்லித் தண்ணீர்க் கிளாசைத் தூக்கினால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். “ஸ்கோல்” சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்கிறோமா என்பதைத்தான் கவனிப்பார்கள்.

11.30 மணிப் பாண்

அடுத்தது மாத்பக்கே. வீட்டிலிருந்து கொண்டுபோகும் பாண் துண்டுகள். அவற்றுக்கு மேல் சீஸ், ஈரல் பூச்சு, அல்லது புரூனுஸ்ட் எனும் பழுப்புச் சீஸ். துண்டுக்குத் துண்டு நடுவில் ஒரு மெல்லிய தாள். பாடசாலையிலும் வேலையிலும் 11 அல்லது 11.30 மணிக்கே இதைத் திறந்துவிடுவார்கள். சூடு இல்லை, குழம்பு இல்லை. நம் அம்மாமாருக்கு இதைப் பார்த்தால் கண் கலங்கும். “பிள்ளை வெறும் பாணோட கிடக்குது” என்று புட்டையும் மீன் பொரியலையும் கட்டிக் கொடுப்பார்கள். பிள்ளையோ அதைப் பாடசாலையில் திறக்காமலே திரும்பக் கொண்டுவரும்.

அந்தக் குளிர்ந்த பாணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1930களில் ஒஸ்லோப் பாடசாலைகளில், கார்ல் ஷியோட்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியரின் யோசனைப்படி, சூடான மதிய உணவுக்குப் பதிலாகக் காலையில் ஒரு சத்துணவு கொடுக்கத் தொடங்கினார்கள். முழுத்தானியப் பாண், பால், சீஸ், ஒரு துண்டு பழம் அல்லது பச்சைக் கரட், மீனெண்ணெய். ‘ஒஸ்லோக் காலை உணவு’ என்று அது பெயர் பெற்றது. ஏழைப் பிள்ளைக்கும் பணக்காரப் பிள்ளைக்கும் ஒரே சாப்பாடு. பின்னாளில் வீடுகள் வசதிப்பட்டதும் பாடசாலை கொடுப்பது நின்றது. பாணைக் கொண்டுபோகும் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆக, இது அன்பில்லாத சாப்பாடு அல்ல. பிள்ளைகளின் உடல்நலத்தை யோசித்தவர்களின் மேசையிலிருந்து வந்த சாப்பாடு.

வேலைத்தலத்துக்கும் காரணம் உண்டு. 8 மணிநேர வேலை நாளில் குறைந்தது அரை மணிநேர இடைவேளை கொடுக்கவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அந்த அரை மணியில் சாப்பிட்டு முடித்து, 4 மணியளவில் வீடு போய், 4க்கும் 5க்கும் இடையில் ‘மிடாக்’ எனும் சூடான பெரிய சாப்பாட்டைக் குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். படுக்கைக்கு முன் ‘க்வெல்ஸ்மாத்’ என்று மறுபடி கொஞ்சம் பாண். நாம் மத்தியானச் சோற்றைத் தேடுகிறோம். அவர்கள் தங்கள் ‘சோற்றை’ மாலைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு. அந்த ஒழுங்கில் ஒரு குடும்ப அன்பு இருக்கிறது. இரவு 9.30க்கு ஒருவர் சமையலறையில், ஒருவர் தொலைக்காட்சிக்கு முன், ஒருவர் அறைக்குள் கணினியோடு என்று தனித்தனியே சாப்பிடும் வீடுகள் நம்மிடையே இல்லையா? நேரத்துக்கு ஒன்றாக அமரும் அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கினால் நமக்கு நட்டம் இல்லை.

அதற்காகப் புட்டை ஒளிக்கவும் தேவையில்லை. சூடாக்குவது பொது இடமென்றால் மூடியைப் போட்டுச் சூடாக்குங்கள், யன்னலைத் திறவுங்கள். மீனைச் சூடாக்கும் நோர்வேக்காரரும் அதைத்தான் செய்யவேண்டும். பிறகு மேசைக்கு வந்து எல்லோரோடும் இருந்து சாப்பிடுங்கள். காருக்குள் போயிருந்து தனியாகச் சாப்பிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் “அது என்ன?” என்று கேட்டால், அது ஏளனம் என்று முடிவு கட்டாமல் பதில் சொல்லுங்கள். பத்தில் எட்டுத் தடவை அது பசியோடு கேட்ட கேள்வியாகத்தான் இருக்கும்.

கடன் வைக்காத விருந்து

நமக்கு உண்மையாகவே குத்துகிற பழக்கங்களும் உண்டு. 2022 மே மாதத்தில் சுவீடனைப் பற்றிச் சமூக ஊடகங்களில் உலகமெங்கும் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. விளையாட வந்த பிள்ளையை அறையில் இருக்கவிட்டு, வீட்டார் மட்டும் இரவுச் சாப்பாடு சாப்பிடும் வழக்கத்தைப் பற்றியது அது. நோர்வேயிலும் இது கேள்விப்படாத ஒன்றல்ல. எதிரி வீட்டுப் பிள்ளை வந்தாலும் ஒரு வாய் கொடுத்து அனுப்பும் நமக்கு இதைக் கேட்டாலே நெஞ்சு எரியும்.

அவர்கள் சொன்ன விளக்கத்தையும் கேட்கவேண்டும். அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் சாப்பாடு காத்திருக்கும். நாம் கொடுத்தால் அந்தத் தாயின் சமையல் வீணாகும். கேளாமல் கொடுத்தால் அந்த வீட்டாரைக் கடனாளி ஆக்கியதுபோல் ஆகும். இது எனக்கு முழுதாக ஒப்பவில்லை. பசித்த பிள்ளைக்கு முன்னால் இந்த நியாயம் நிற்காது. ஆனால் அது கல்நெஞ்சிலிருந்து வந்த வழக்கம் அல்ல என்பது புரிகிறது. ‘யாருக்கும் கடன் வைக்காதே, யாரையும் கடன்படுத்தாதே’ என்ற எண்ணம் இந்த நாடுகளில் ஆழமாக ஓடுகிறது.

விப்ஸும் அதே வேரிலிருந்துதான். 2015இல் அந்தச் செயலி வந்தபிறகு, நண்பர்களோடு பீட்சா சாப்பிட்டுவிட்டுப் படி இறங்குவதற்குள் உங்கள் பங்கு எத்தனை குரோனர் என்று கைத்தொலைபேசியில் வந்துவிடுகிறது. “நான் குடுக்கிறன்”, “இல்லை, நான் குடுக்கிறன்” என்று காசாளருக்கு முன்னால் கையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டு வளர்ந்த நமக்கு இது சின்னப் புத்தி போலத் தெரியும். ஆனால் காசில்லாத மாணவன் ஒருவன் அந்த மேசையில் இருந்தால், அவனுக்கு இது எவ்வளவு நிம்மதி! தன் பங்கைக் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து போகலாம். நம் வழக்கத்தில் இந்த மாதம் அவன் கொடுத்தால் அடுத்த மாதம் நான் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாதவன் மெல்ல மெல்ல வராமலே நின்றுவிடுவான். நம் தாராளத்துக்கும் ஒரு இருட்டுப் பக்கம் உண்டு.

தெரியாமலே பகிர்ந்துகொண்டவை

வித்தியாசங்களையே எண்ணிக்கொண்டிருந்தால் பொதுவானவை கண்ணில் படாது. நோர்வேக்காரரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள். அவர்கள் பேக்கரிப் பணிஸைக் கடித்தால் வருவது ஏலக்காய் வாசம். ‘ஃபோரிகோல்’ எனும் ஆட்டிறைச்சியும் கோவாவும் சேர்ந்த கறியை 1972இல் வானொலி நிகழ்ச்சி ஒன்று நோர்வேயின் தேசிய உணவாகத் தெரிந்தெடுத்தது. அதில் உப்பைத் தவிரப் போடும் சரக்கு முழு மிளகுதான். நம் பக்கத்து மண்ணிலிருந்து போன மிளகும் ஏலக்காயும் நமக்கு முன்பே இந்த நாட்டுச் சமையலறைக்குள் குடியேறிவிட்டன.

கருவாட்டு மணத்துக்கு வெட்கப்படும் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. லோஃபோத்தன் தீவுகளில் பனிக்காலம் முடியும் மாதங்களில், மரச்சட்டங்களில் வரிசை வரிசையாகத் தொங்கிக் காயும் கொட் மீன் வேறென்ன, கருவாடுதான். உப்பிடாத கருவாடு. உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து, சமைக்காமலே சாப்பிடும் ‘ராக்ஃபிஸ்க்’ எனும் மீனின் மணத்தை ஒருமுறை அறிந்தவர் நம் நெத்தலிக் கருவாட்டுக்கு மன்னிப்புக் கேட்கமாட்டார்.

கையால் சாப்பிடுவதற்கும் அப்படியே. கோடை மாலையில் நோர்வேக்காரர் மேசையில் ஒரு பெரிய சட்டி நிறைய இறாலை வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் உரித்து, பாணில் அடுக்கி, தேசிக்காய் பிழிந்து சாப்பிடுவதைப் பாருங்கள். விரலெல்லாம் ஈரம், கோதெல்லாம் மேசையில், ஒரே சிரிப்பு. வெள்ளிக்கிழமை டாகோவையும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். கையால் சாப்பிடுவது என்னவென்று அறியாதவர்கள் அல்ல அவர்கள். எதைக் கையால், எதை முள்ளுக்கரண்டியால் என்ற பட்டியல்தான் வேறு.

எனவே முள்ளுக்கரண்டியைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடது கையில் முள், வலது கையில் கத்தி. முடிந்ததும் இரண்டையும் கோப்பையில் அருகருகே வையுங்கள். அதுவே “எனக்குக் காணும்” என்று சொல்லாமல் சொல்வது. அதைப் போலவே சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் அழகாக எடுத்துச் சாப்பிடவும் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளங்கை நனையாமல் சாப்பிடுவது ஒரு கலை. இங்கே பிறந்த பலருக்கு அந்த இரண்டாவதுதான் இப்போது கடினம்.

அந்தியோகியாவில் நடந்தது

வேதத்தில் மேசைப் பழக்கத்தைப் பற்றிய பெரிய சண்டை ஒன்று இருக்கிறது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பேதுரு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒன்றாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து தம் சொந்த ஆட்கள் சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து மெல்ல விலகிக்கொண்டார். மற்ற யூதரும் அவரைப் பார்த்து விலகினார்கள். பர்னபாவும் கூட. பவுல் எல்லோருக்கும் முன்பாகவே பேதுருவைக் கண்டித்தார்.

பவுல் கண்டித்தது எதை? பேதுரு யூதச் சாப்பாடு சாப்பிட்டதையும் அல்ல, புறஜாதியார் சாப்பாடு சாப்பிட்டதையும் அல்ல. யார் பார்க்கிறார்கள் என்பதற்கேற்ப மேசையை மாற்றியதை. நேற்றுவரை பக்கத்தில் இருந்து சாப்பிட்டவரை இன்று தெரியாதவர்போல் நடத்தியதை.

நம் நிலைமை இதற்கு எவ்வளவு கிட்டவாக இருக்கிறது! தமிழ் நண்பன் கையால் சாப்பிடும்போது, நோர்வே நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அவனோடு சேராமல் அடுத்த மேசைக்குப் போகும் பிள்ளை உண்டு. நோர்வே நண்பர்களோடு சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு, தமிழர் கூடிய இடத்தில் “அவங்களுக்கு என்ன சாப்பாடு தெரியும், வெறும் உருளைக்கிழங்கு” என்று பகடி பண்ணும் பிள்ளையும் உண்டு. முதலாவது பிள்ளை அம்மாவை மறுதலிக்கிறது. இரண்டாவது பிள்ளை தன்னை வீட்டுக்குள் அழைத்துச் சாப்பாடு போட்ட மனிதரை மறுதலிக்கிறது. இரண்டும் ஒரே பயம்தான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் லூக்கா 10ஆம் அதிகாரம் நிற்கிறது. ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, முன்னால் வைப்பதைச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். கொடுக்கப் போகிறவர்கள் முதலில் வாங்கக் கற்கவேண்டும் என்பது அந்த ஒழுங்கு. நற்செய்தியோடு போனவர்களே அந்நியர் மேசையில் விருந்தாளியாக இருக்கவேண்டியிருந்தது என்றால், படிப்போடும் வேலையோடும் இந்த நாட்டுக்கு வந்த நமக்கு அதில் என்ன குறை?

பண்பாடு போய்விடாதா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஒரு கேள்வியாலேயே பதில் சொல்கிறேன். இந்த நாட்டு மேசையை முதலில் கற்றவர்கள் யார்? 1970களிலும் 1980களிலும் மாணவராக வந்து, விடுதியோடு சேர்ந்த மக்கள் உயர்பாடசாலைகளில் நோர்வே இளையோரோடு மூன்று வேளையும் ஒரே மண்டபத்தில் சாப்பிட்டவர்கள் நம் மூத்தோர்தான். வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று, இடைவேளையில் அதே குளிர்ந்த பாணைச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். அவர்கள் யாரும் தமிழை விட்டுவிடவில்லை. அந்தக் குளிரில் ஒடியல் கூழைக் காய்ச்சினார்கள். கடலை வேறாக இருந்தாலும் அதில் நண்டும் இறாலும் போட்டார்கள். பழகியதால் பண்பாடு போகவில்லை. வெட்கப்பட்டு ஒளிப்பதால்தான் போகும். அப்பா அம்மாவே, அந்த நாட்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதல் நாள் புரூனுஸ்ட்டைக் கடித்தபோது நாக்கு என்ன சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியது

இங்கே கற்றதில் ஒன்றை நம் வீட்டுக்குக் கட்டாயம் கொண்டுவரவேண்டும். நோர்வே மேசையில் சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். நம் வீட்டு விருந்தில் அம்மா எங்கே? அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில். எல்லோரும் எழும்பிய பிறகு, ஆறிய சோற்றை, அடிச்சட்டிக் கறியோடு, அநேகமாக நின்றுகொண்டே சாப்பிடுவார். இதை நாம் தியாகம் என்று அன்னையர் தினத்தில் புகழ்கிறோம். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட்டு மற்றவர் பசித்திருந்ததைப் பவுல் கண்டித்ததும், ஒருவருக்கொருவர் காத்திருக்கச் சொன்னதும் 1 கொரிந்தியர் 11இல் இருக்கிறது. அது கர்த்தருடைய பந்தியைப் பற்றியது. ஆனால் நம் வீட்டுப் பந்திக்கும் அது பொருந்தாதா? நம் வீட்டில் காத்திருப்பவர் எப்போதும் ஒரே ஆள்தான்.

சாப்பிட்டு முடித்ததும் இங்கே மூன்று வயதுப் பிள்ளையும் “தக் ஃபொர் மாத்தன்” என்று சொல்லும். சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்தவர் “வெல் பெக்கொம்மே” என்று பதில் சொல்வார். அடுத்த முறை சந்திக்கும்போது “தக் ஃபொர் சிஸ்ட்” என்று முன்னைய சந்திப்புக்கும் நன்றி சொல்வார்கள். நாம் சாப்பிட முன் தேவனுக்கு நன்றி சொல்கிறோம். நல்லது. சாப்பிட்ட பின் அம்மாவுக்கு நன்றி சொல்கிறோமா? “அம்மாவுக்கு ஏன் நன்றி, அவ வேற ஆளா?” என்று நாம் கேட்கலாம். வேறு ஆள் இல்லைதான். அதனால்தான் எத்தனை ஆண்டுகளாக ஒருவரும் சொல்லவில்லை.

தம்பிமாரே, இது முக்கியமாக உங்களுக்கு. நோர்வே நண்பன் வீட்டில் சாப்பிட்டதும் உங்கள் கோப்பையை நீங்களே எடுத்துக் கழுவும் இயந்திரத்தில் வைக்கிறீர்கள். நம் வீட்டில் அதே கோப்பை மேசையிலேயே இருக்கிறது. கை அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை இல்லையே.

நாம் கொடுக்க வேண்டியது

வாங்குவது மட்டும் போதாது, நம் கையிலும் கொடுக்க ஒன்று இருக்கிறது. எதிர்பாராமல் வந்தவருக்கும் ஒரு கோப்பை வைப்பது. சட்டியில் எப்போதும் இன்னொருவருக்குச் சேர்த்துச் சமைப்பது. தனியாக வாழ்பவர் மிகப் பலர் உள்ள இந்த நாட்டில், நீண்ட இருட்டு மாதங்களில், அழைப்பிதழும் முன்னறிவித்தலும் இல்லாமல் “வாங்கோ, சாப்பிடுவம்” என்ற ஒரு சொல் எவ்வளவு பெறும் என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். விளையாட வந்த பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். அதன் அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேளுங்கள், பிறகு சாப்பாடு போடுங்கள். அவர்கள் மரியாதையும் காப்பாற்றப்படும், நம் மரியாதையும் காப்பாற்றப்படும்.

நம் சபை மண்டபத்திலிருந்தே தொடங்கலாம். ஆராதனைக்குப் பின் சாப்பாடு நடக்கும்போது சுற்றிப் பாருங்கள். நோர்வே மருமகளோ, தமிழ் புரியாத நண்பரோ, புதிதாக வந்த மாணவரோ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். நாமோ ஊர் ஊராக, வயது வயதாகக் கூடி நின்று பேசுவோம். போட்டுக் கொடுப்பதோடு நம் உபசரிப்பு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்து சாப்பிடுவதுதான் குறைகிறது. கோப்பையை நிரப்பிவிட்டு ஆளைத் தனியே விடுவது விருந்து அல்ல.

அழைப்பில் 5 மணி என்று போட்டால் 5 மணிக்கே சாப்பாட்டைத் தொடங்குவதும் அன்புதான். 5 மணிக்கு நேரத்தோடு வந்து, வெறும் கதிரைகளுக்கு நடுவில் பூங்கொத்தோடு ஒன்றரை மணிநேரம் காத்திருந்த நோர்வே விருந்தாளியை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு பிறந்தநாளில் கண்டிருப்போம். அவரிடம் “இது எங்கட தமிழ் நேரம்” என்று சிரிக்கிறோம். அவரும் மரியாதைக்குச் சிரிக்கிறார். அடுத்த முறை வருவாரா என்பதுதான் கேள்வி.

வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தக் குளிர்காலத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு நோர்வே நண்பரையாவது, வகுப்புத் தோழரையாவது, பக்கத்து வீட்டுக்காரரையாவது வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். ஒவ்வாமை ஏதும் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். அவர்களும் நம்மிடம் கேட்பார்கள். உறைப்பைக் குறையுங்கள். முள்ளுக்கரண்டியை மேசையில் வையுங்கள். நீங்கள் எப்போதும் போலக் கையால் சாப்பிடுங்கள். அவர் விரும்பினால் கையால் சாப்பிடட்டும், விரும்பாவிட்டால் விடட்டும். “காணும்” என்றால் ஒருமுறை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உங்களோடு இருத்துங்கள். அவருக்கு நீங்கள் போட்டுக் கொடுங்கள்.